பத்தா, எட்டா?

ஜெர்மனியில் வசிக்கும் நம் நண்பர் ஒருவருக்குச் சில மாதங்களாக ஒரே விசாரம். பழைய பி.எம்.டபிள்யூ. எம்5 வாங்குவதா, மெர்ஸிடிஸ் ஈ63 ஏ.எம்.ஜி. வாங்குவதா? இரண்டும் ஏறக்குறைய இருபது வருஷத்து வண்டிகள். ஆகையால்தான் அவருடைய சேமிப்புக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. நம் அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதியிருந்தார்.

2005-ல் விற்பனைக்கு வந்த எம்5-க்குப் பத்து ஸிலிண்டர். 507 குதிரைச் சக்தி. ஆனால் அந்தச் சக்தி முழுவதும் நிமிஷத்துக்கு 7,750 சுழற்சியில்தான் வெளிப்படும். அதுவரை வண்டி பரம சாது! மறு வருஷம் வந்த ஈ63-க்கு எட்டே ஸிலிண்டர். 514 குதிரைச் சக்தி. யந்திரம் 6.2 லிட்டர் ஆதலால் காலை லேசாக அழுத்தியதுமே இழுத்துச் செல்லும். சாதாரணமாக இரண்டையும் 250 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியே விற்றார்கள்.

ஏ.எம்.ஜி. யந்திரத்தை அஃபால்டர்பாக் ஊரில் ஒரே தொழிலாளி முழுவதும் பூட்டி, தம் கையெழுத்துள்ள தகட்டையும் பதிப்பார். இந்த வழக்கம் நமக்கு மிகவும் பிடித்தமானது. இருந்தாலும் ஆரம்பகால யந்திரங்களில் ஸிலிண்டர் தலைப்பின் போல்ட்டுகள் முறிந்ததுண்டு. எம்5-லோ பிஸ்டன் தண்டின் பேரிங்குகள் சீக்கிரம் தேயும். கவனியாவிட்டால் யந்திரமே போய்விடும்.

குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுகிறவருக்கு 7,750 சுழற்சி எங்கே வாய்க்கும்? ஈ63-ஐயே வாங்கும்படி எழுதினோம். பழுதுபார்த்த ரசீதுகளைப் பார்க்காமல் பேரம் பேச வேண்டாம் என்றும், விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்கும்படியும் சேர்த்தோம்.

பதில் வந்துவிட்டது. எம்5-ஐ ஒரு முறை ஓட்டிப் பார்த்தாராம். அந்தப் பத்து ஸிலிண்டரின் நாதம் இன்னும் காதை விட்டுப் போகவில்லையாம்.