அறிவிப்பு விலை

பரிசு அறிவிக்கப்படும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் கிளம்புகின்றன. தகுதியற்றவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது ஒன்று. ரசனை ஆளுக்கு ஆள் மாறுவது, இதில் தகுதி என்று எதைச் சொல்ல என்பது மற்றது. ஒரே நண்பர் இரண்டையும் ஒரே மாலையில், ஒரே டீக்கடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தரம் என்று ஒன்று இல்லையென்றால் எதற்காகக் கோபப்படுவது? தரம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை அடுத்தவனுக்கு எப்படிக் காட்டுவது என்பதில்தான் சிக்கல்.

சாகித்ய அகாதெமியின் தமிழ்ப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். விடுபட்டவர்கள் (மௌனி, நகுலன், பிரமிள், சுந்தர ராமசாமி) ஒருபுறம் இருக்கட்டும். உரியவர்களுக்குக் கொடுத்த இடங்களிலும் நூல் தவறிவிடுகிறது. ஜானகிராமனுக்கு 1979இல் கிடைத்தது ‘சக்தி வைத்தியம்’ தொகுதிக்கு. ‘மோகமுள்’ அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. லா.ச.ரா.வுக்கு 1989இல் ‘சிந்தாநதி’, ‘அபிதா’வுக்கு இல்லை. ‘கிருஷ்ணப் பருந்து’ எழுதிய ஆ. மாதவனுக்கு 2015இல் கட்டுரைத் தொகுப்புக்காக. பாரதிதாசன் என்ற கவிஞருக்கு, இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1969இல் ஒரு நாடகத்துக்காக. சி.சு. செல்லப்பா 1998இல் காலமானார். ‘சுதந்திர தாக’த்துக்குப் பரிசு 2001இல் வந்து சேர்ந்தது.

குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் வெளிவந்த நூலுக்கே கொடுக்க வேண்டும் என்பது விதி. நூல் வந்தபோது விழித்துக்கொள்ளாதவர்கள், ஆசிரியருக்கு வயதான பிறகு, அந்த நேரம் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நூலுக்கான பரிசு என்ற பெயரில் ஆளுக்குச் செய்யும் பிராயச்சித்தம். எங்கள் நாமக்கல்லில் முட்டைக்கு விலை நிர்ணயித்து அறிவிக்கிறார்கள். பண்ணைக்கு வரும் வியாபாரி ‘மைனஸ்’ போட்டுத்தான் எடுப்பான். அறிவிப்பு விலை வேறு, கைமாறும் விலை வேறு என்பது இங்கே தீவனம் அள்ளிப் போடுகிறவருக்கும் தெரியும். இலக்கிய வாசகன்தான் அறிவிப்பை அப்படியே நம்பி ஏமாறுகிறான், அல்லது ஏமாந்ததாகக் கத்துகிறான்.

இந்தச் சிக்கலை நமக்கு முன்னால் யோசித்தவர்கள் உண்டு. க.நா.சு. பட்டியல் போட்டார். ஏன் என்று கேட்டால், நிறைய வாசி, உனக்கே தெரியும் என்கிற தோரணை. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. 1959 முதல் 1970 வரை நடந்த ‘எழுத்து’வில், படைப்பைப் பிரித்து அலசிக் காட்டினால் எதிராளியையும் ஒப்பவைக்கலாம் என்று நம்பினார். கைலாசபதி சமூக விஞ்ஞானத்தை அளவுகோலாகக் கொண்டுவந்தார். மூவரில் புறவயம் பற்றி உரக்கப் பேசியவர் அவரே. ஆனால் அவர் அளவுகோல் நூல் கைக்கு வருமுன்பே அடித்து வைக்கப்பட்டது. செல்லப்பாவின் அலசல் பல இடங்களில் அலுப்பூட்டும், கதை மூச்சுத் திணறும். ஆனாலும் அவரோடு சண்டை போட முடியும். இந்த இடத்தை நீங்கள் சரியாக வாசிக்கவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடியும். பட்டியலோடு சண்டை போட முடியாது, இன்னொரு பட்டியல்தான் போடலாம். க.நா.சு. சொன்ன பெயர்களைக் காலம் பெரும்பாலும் ஆமோதித்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஒரு சிறு பரிசுக் குழுவில் நானும் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். அச்சடித்த படிவம் தந்தார்கள். நடைக்கு 25, கருவுக்கு 25, பாத்திரப் படைப்புக்கு 25, சமூகப் பயனுக்கு 25. மூவர் போட்ட மதிப்பெண்ணையும் கூட்டியபோது, எங்களில் யாருக்கும் பிடிக்காத, யாருக்கும் ஆட்சேபமும் இல்லாத ஒரு நாவல் முதலில் வந்து நின்றது. காரணம் எழுத இடம் எங்கே என்று கேட்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

காரணம் எழுதப்பட்ட தீர்ப்பு ஒன்று எங்கள் மாவட்டத்து விவகாரத்தில் கிடைத்தது, அதுவும் நீதிமன்றத்திலிருந்து. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. நான்கு ஆண்டு சும்மா இருந்துவிட்டு, 2014 டிசம்பரில் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் விநியோகித்தார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று ஆசிரியரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், புஷ்பா சத்தியநாராயணா இருவரும் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அன்றைய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவில் இலக்கியத்துக்கு விலக்கு உண்டு. ஆகவே எது இலக்கியம் என்ற கேள்வியை அவர்களால் தட்டிக்கழிக்க முடியவில்லை. நகலெடுத்த பக்கங்களை விட்டு நாவலை முழுதாக எடுத்துக்கொண்டார்கள். நீண்ட தீர்ப்பு, கீழே பெயர். சமகால நாவல் ஒன்றைப் பற்றி நம் விமர்சகர்களில் எத்தனை பேர் அந்த அளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்?

நாவல் நன்றாக இருக்கிறதா என்பது அவர்கள் முன் வந்த வழக்கல்ல. அது நம் வேலை. என் அபிப்பிராயத்தில் ‘மாதொருபாகன்’ அவருடைய சிறந்த நாவல் இல்லை. கதை திருவிழா இரவை நோக்கி ஓட்டப்படுவது தெரிகிறது. 2000இல் வந்த ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் பையன்களை எங்கேயும் யாரும் ஓட்டிச் செல்வதில்லை, மேட்டுக்காடும் வெயிலும் பசியும் அவர்கள் பேச்சுக்குள்ளேயே இருக்கின்றன. 2023இல் 25 லட்சம் ரூபாய் ஜேசிபி பரிசு கிடைத்தது 2012இல் வந்த ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கிலப் பெயர்ப்புக்கு. குழு வாசித்தது ஜனனி கண்ணனின் ஆங்கிலத்தை. கொங்குப் பேச்சை எடை போட அவர்களிடம் கல் இருந்திருக்க வழியில்லை. ‘கூளமாதாரி’ பற்றி நான் சொன்னதை மறுப்பவர்கள் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு மறுக்கட்டும்.

நாமக்கல் நண்பர்கள் நாலைந்து பேர் அடுத்த கூட்டத்துக்கு சி. மணியின் ‘வரும் போகும்’ எடுத்துவைத்திருக்கிறோம். 1974இல் வந்த தொகுதி. பக்கத்துச் சேலத்திலிருந்து 1968இல் ‘நடை’யைக் கொண்டுவந்தவர், 2009இல் காலமானவர், அகாதெமிப் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார். பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று வாயால் சொல்ல அனுமதி இல்லை. ஒரு கவிதைக்கு இரண்டு பக்கம், ஆளுக்கு ஆள் எழுதிக்கொண்டு வர வேண்டும்.