கட்டுப் போட்ட கையும் கரையோர வீதியும்

கொழும்பில் புறப்படும் ஏ4 வீதி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என்று மலையும் காடும் தாண்டிப் பொத்துவிலில் கடலைக் காண்கிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத் துண்டு, அதாவது பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை, ஏறக்குறைய 75 கிலோமீற்றர் வரும். எங்கள் ஆட்கள் இதை மோட்டார் சைக்கிளில்தான் அளந்திருக்கிறார்கள். காலால் அளப்பவர்கள் கதிர்காமத்துப் பாதயாத்திரைக்காரர்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, ஆடிவேல் விழாவுக்கு முன் காவி வேட்டியோடு இந்த வழியாகத்தான் போவார்கள். எனக்கு நேர்த்தி எதுவும் இல்லை. நான் நடந்தது கைக்காக.

கல்முனையில் கணினியில் டைப் அடிப்பதும் பக்கம் கட்டுவதும் என் பிழைப்பு. கல்யாண அழைப்பிதழ், பரீட்சை வினாத்தாள், மத்ரஸாப் பாடநூல், கவிதைத் தொகுதி எல்லாம் பாமினி விசைப்பலகையில். பாமினி தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அடித்துப் பாருங்கள். ‘தமிழ்’ என்று அடிக்க இடக்கை தேவையே இல்லை. ‘அம்மா’வும் அப்படித்தான். புள்ளி இருக்கும் இடம் அரைப்புள்ளி விசை, அது வலது சுண்டுவிரலுக்கு. இகரத்தின் கொக்கியும் அதே விரலுக்கு. தமிழில் புள்ளியும் இகரமும் இல்லாத வரி ஏது? உடம்பிலேயே மெலிந்த விரலின் தலையில் மொழியின் பாதிச் சுமை. ‘வாப்பா’ மட்டும் இரண்டு கைக்கும் பங்கு வைக்கும்.

பல வருடம் இப்படி அடித்ததில் வலது மணிக்கட்டின் வெளிப்பக்கம் நோகத் தொடங்கி, முழங்கை வரை ஏறி, கடைசியில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கக்கூட முடியவில்லை. பரிகாரி எண்ணெய் போட்டுக் கட்டினார். வைத்தியர் கட்டை அவிழ்த்து, எந்தெந்த விரல் விறைக்கிறது என்று கேட்டார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்பு நெரிபடுகிறது. எனக்கு விறைப்பு இல்லை, நோவுதான். தசைநார்கள் தேய்ந்து வீங்கியிருக்கின்றன என்றார். வெல்குரோ பட்டி வைத்த மணிக்கட்டுக் கட்டு ஒன்றைத் தந்து, டைப்பை நிறுத்து, உடம்பை நிறுத்தாதே என்றார்.

நடக்கும் யோசனை இலண்டனிலிருந்து வந்தது. அங்கே கணினி நிறுவனத்தில் இருக்கும் மச்சானுக்கும் இதே கதை. ஸ்கொட்லாந்து மலையொன்றில் முழங்கால் புதையும் பனியில் நிற்கும் படத்தை அனுப்பி, “ரெண்டு கையும் கோட்டுப் பைக்குள்ள மச்சான், நோவே தெரியல்ல” என்றான். பனிமலைக்கு நான் எங்கே போவேன்? இந்தத் தீவின் உச்சியான பிதுருதலாகலை 2,524 மீற்றர், அங்கும் பனி பெய்வதில்லை. நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது வாடைக்காற்றும் ஏ4 வீதியும்.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்படுவேன். வெயில் ஏறியதும் நின்ற இடத்தில் பஸ் பிடித்து வீடு திரும்புவேன். அடுத்த முறை அதே இடத்திலிருந்து தொடர்வேன்.

பெரியநீலாவணை கவிஞர் நீலாவணனின் ஊர். 43 வயதில், 1975இல் மறைந்தவர். அதைத் தாண்டினால் மருதமுனை. சாரனுக்குப் பேர்போன ஊர். ஒழுங்கைக்குள் திரும்பினால் இன்னும் தறிச் சத்தம் கேட்கும், முன்பு போல வீட்டுக்கு வீடு இல்லை என்றாலும். தகரக் கொட்டிலில் இருந்த ஒரு வயதானவர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“என்ன மனே கையில? மோட்டச் சைக்கிள்ளால விழுந்தயா?”

“இல்ல மாமா. டைப் அடிச்சு.”

தறியை நிறுத்திவிட்டார். “எழுத்தடிச்சும் கை போகுமா?”

இந்தக் கேள்வியும் அந்த மோட்டார் சைக்கிளும் பொத்துவில் வரை என்னை விடவில்லை. அவர் தன் வலக்கையை விரித்துக் காட்டினார். பெருவிரலின் அடிப்பக்கம் புடைத்து, மணிக்கட்டுப் பக்கம் சாய்ந்தே நின்றது. ஒரு கை கயிற்றைச் சுண்ட, நாடா பாவுக்குள் ஓடுகிறது. மறு கை அச்சுப் பலகையை இழுத்து ஊடை நூலை அடித்து இறுக்குகிறது. கால்கள் மிதியில். நாள் முழுக்க இதே அசைவு. “கை நோகாட்டித்தான் எனக்கு யோசினை வரும்” என்று சிரித்துக்கொண்டே மறுபடி சுண்டினார்.

1713ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழில்களால் வரும் நோய்கள் பற்றிய தன் நூலில் எழுத்தர்களின் கையைப் பற்றி எழுதிவிட்டார். அசையாமல் உட்கார்ந்திருப்பது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பிழை வரக்கூடாதே என்ற மனப் பதற்றம் என்று மூன்று காரணம் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தாளர் வலக்கை போனபின் இடக்கையால் எழுதப் பழகினாராம், கொஞ்ச நாளில் அதுவும் போனது. இதைப் படித்த அன்றே, இடக்கைக்கு மாற்றியிருந்த மவுஸை ஒதுக்கி வைத்தேன். பிறகு தந்தி வந்தது. தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பை 1908இல் பிரித்தானியா இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அலுவலகக் கைக்கு இப்படி எப்போதோ பெயரும் பட்டியலில் இடமும் கிடைத்துவிட்டன. மருதமுனைத் தறிக்காரரின் கைக்கு ‘வயசு’ என்ற பெயர்தான்.

பாண்டிருப்பில் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற திரௌபதை அம்மன் கோயில். அடுத்து கல்முனை நகரம், பிறகு கல்முனைக்குடி. கவிஞரும் மொழியியலாளருமான எம்.ஏ. நுஃமான் 1944இல் பிறந்த ஊர். கொடியேற்றத்துக்கு ஊரே திரளும் கடற்கரைப்பள்ளி இங்கேதான். சாய்ந்தமருதுக்கும் கல்முனைக்குடிக்கும் நடுவில் எல்லை எது என்று நடக்கிறவனுக்குத் தெரியாது, அரசியல்வாதிக்குத்தான் தெரியும். வீதியிலிருந்து கிழக்கே போகும் ஒழுங்கைகளின் கடல் முனையில் வெற்றுவளவுகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள், அதில் பெரும்பங்கு இந்த நெருக்கமான ஊர்களில். அந்த வளவுகளைப் பார்த்துக்கொண்டு கைநோவைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. விறுவிறென்று நடந்து தாண்டினேன்.

காரைதீவுச் சந்தியில் வீதி பிரிகிறது, மேற்கே போனால் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, அம்பாறை. 2024 நவம்பர் வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது அந்தப் பக்கம்தான். காரைதீவு சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவருடைய யாழ்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதம் அவர் மறைந்தார். சுருதிக் கணக்கும் அட்டவணையுமாக இருக்கும் அந்தப் புத்தகத்தை டைப் அடிப்பவன் கண்ணால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், நம் கைநோவு கொஞ்சம் அடக்கமாகிவிடும்.

நிந்தவூர் வந்தபோது ளுஹர் நேரமாகிவிட்டது, அன்று வழக்கத்தைவிடத் தூரம் போயிருந்தேன். பள்ளி ஹவ்ளில் கைகால் கழுவக் கட்டைக் கழற்றினால் வெல்குரோ கிழியும் சத்தத்துக்கு வரிசையே திரும்பிப் பார்க்கும். கழற்ற முடிகிற கட்டு என்பதால் ஒவ்வொரு வுளூவுக்கும் கழற்றத்தான் வேண்டும். கைக்குப் பெரிய சோதனை ஸுஜூதில் வந்தது. உள்ளங்கை விரித்துத் தரையில் ஊன்ற, மணிக்கட்டு பின்னுக்கு மடிய, எழும்பும்போது முழு உடம்பும் அதன்மேல். நோவு கண்ணுக்குள் தெரியும். பாரத்தை இடக்கையில் சாய்த்து எழும்பப் பழகியிருந்தேன். வைத்தியர் தந்த பயிற்சித் தாளைவிட, கை எவ்வளவு தேறியது என்பதை அந்த இடம்தான் எனக்குச் சரியாகச் சொன்னது.

நிந்தவூருக்குத் தெற்கே களியோடை. இந்த வீதியில் என் மனம் நின்ற இடம் இதுதான். இரண்டு பக்கமும் பெரும்போக வேளாண்மை பச்சையாக அசைய, நத்தைகொத்தி நாரைகள் வரம்பில் தவம் கிடக்கும். இந்தப் பச்சைக்குப் பின்னால் இங்கினியாகலையும் கல்லோயாத் திட்டமும் சேனாநாயக்க சமுத்திரமும், அவற்றின் பின்னால் காணி, குடியேற்றம் என்று தீராத வழக்கும் உண்டு. விடியலில் புகார் மூடி, பாலத்தின் அந்தப் பக்கம் தெரியாது. கைகளை வீசி நடக்கும்போது தோளிலிருந்து இறங்கும் சூடு விரல் நுனி வரை போவது தெரிந்தது. தோளும் கழுத்தும் எத்தனை வருடமாக இறுகிக் கிடந்தன என்பது அவை இளகியபோதுதான் புரிந்தது. கை கெட்டது மணிக்கட்டில் மட்டுமல்ல. காதுக்குப் பக்கத்தில் தோளைத் தூக்கிவைத்துக்கொண்டு திரைக்குள் தலையைக் கொடுத்து இருந்தால் நோவு வராமல் என்ன வரும்?

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. அதற்காக உழைத்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். அவர் கனவுகண்ட துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கப்பல் வந்ததோ இல்லையோ, மணல் வந்து வாயை அடைத்தது, வடக்கே கரையைக் கடல் தின்றது. தோப்போடு காணி இழந்தவர்கள் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் இருக்கிறார்கள். இவ்வளவு காசில் கட்டிய இவ்வளவு பெரிய பிழை எங்கள் கரையில் வேறு இல்லை.

பாலமுனை, அட்டாளைச்சேனை தாண்டி அக்கரைப்பற்று. அங்கே ஒரு நாள் பின்னேரம் வரை தங்கிவிட்டேன், கொத்துக்கடைகள் சத்தம் போடத் தொடங்கின. ரொட்டி, முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் தட்டின் மேல் போட்டு இரண்டு தகட்டால் கொத்தும் தம்பியின் மணிக்கட்டைத்தான் என் கண் தேடியது. கறுப்புப் பட்டி ஒன்று கட்டியிருந்தான். “ஸ்டைலுக்கா?” என்றேன். “நோவுக்குக் காக்கா” என்றான், தாளம் தவறாமல்.

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே வீதியின் முகம் மாறுகிறது. தம்பிலுவில் கண்ணகி அம்மன், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில், அதன் பின்னால் கடல். யுத்த காலத்தில் இந்தப் பக்கம் வர எங்கள் முஸ்லிம் ஆட்கள் இரண்டு தரம் யோசித்தார்கள், இங்கிருந்து எங்கள் பக்கம் வரத் தமிழ் ஆட்களும்தான். இப்போது ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒரு ஐயா என் கையைப் பார்த்துவிட்டு, கோப்பையை இடப்பக்கமாகத் தள்ளிவைத்தார்.

தாண்டியடிக்குப் பிறகு வீடுகள் அருகுகின்றன. பற்றைக்காடு, மணல், பனை, இடைக்கிடை கரும்பாறை. யானை வரும் என்பதால் இந்தத் துண்டை நன்றாக விடிந்த பிறகே நடந்தேன். நாட்டின் கிழக்கு முனையான சங்கமன்கண்டி இங்கேதான். 2020 செப்டம்பரில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தது இதற்கு நேரே கடலில். வீதியோரப் பாறையொன்றில் ஏறினேன். மச்சானின் ஸ்கொட்லாந்து மலைக்கு என் பதில் அதுதான், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. ஏறுவதற்குக் கை ஊன்ற வேண்டும். கட்டைக் கழற்றிவிட்டு வலது உள்ளங்கையைப் பாறையில் வைத்தேன். சூடு, சொரசொரப்பு, கொஞ்சம் இழுவை. நோவு இல்லை. மேலே காற்று தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது, இறங்கிப் பற்றைக்குள் தேடினேன்.

கோமாரி, ஊறணி, பொத்துவில். ஜும்ஆவுக்குப் பொத்துவில் பள்ளிக்குள் போய் இரண்டு கையிலும் சரிசமமாகப் பாரம் வைத்து ஸுஜூது செய்தேன். இங்கிருந்து ஏ4 மேற்கே திரும்பி லகுகலைக் காட்டுக்குள் போகிறது. பாதயாத்திரைக்காரர்கள் அதை விட்டுப் பாணமை, உகந்தை, குமணக் காடு என்று தெற்கே போவார்கள். சேர்பிங் பலகையோடு வந்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் அறுகம்பையில் ஒரு சாயத்தண்ணி குடித்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.

நடை மருந்தல்ல. டைப்பை விட்டதும் தோள் இளகியதும்தான் கையைத் தேற்றின, நடை அதற்கு ஒரு சாட்டு. இந்தக் கட்டுரையின் பாதியைப் போனுக்குச் சொல்லித்தான் எழுதினேன். ‘மனே’ என்றால் அதற்கு இன்னும் விளங்கவில்லை, மற்றது பரவாயில்லை. மீதியை அடித்தேன், இடையிடையே எழும்பி.

டைப் அடிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். இராவில் விரல் விறைத்து எழும்பிக் கையை உதறுகிறீர்கள் என்றால் எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்த வேண்டாம். நரம்பு நெரிபட்டே கிடந்தால் பெருவிரலின் அடிச்சதை வற்றும், வற்றினால் திரும்புவது கஷ்டம். வைத்தியரிடம் போங்கள். போகும்போது தறி போடும் மாமாவையும் கொத்துப் போடும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.