ஜொகூரின் ஈரத்தில் கேமரா

ஜொகூரில் கேமராவைக் கெடுப்பது மழையைவிடக் காற்றிலுள்ள ஈரம்தான். கேனான், நிக்கான் கேமராக்கள் பலவற்றின் கையேடு, ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே விடியற்காலைக் காற்று அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும்.

கேடு தொடங்கும் இடம் பெரும்பாலும் விடுதி அறை. ஜொகூர் பாருவில் இரவு முழுக்க ஏர்கோனில் குளிர்ந்த கேமராவைக் காலையில் வெளியே எடுத்ததும் அது வியர்க்கும். லென்ஸின் முகப்பு பால் படிந்தாற்போல் வெளுத்துப்போகும். துடைத்த மறுநொடியே மீண்டும் மூடிக்கொள்ளும். வெளியே 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரும் நனையும். கேமராவைப் பையில் இறுக மூடி, அரை மணி நேரமாவது வெளிவெப்பத்துக்குப் பழகவிட்ட பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறப்பவர்களே அதிகம்.

எண்டாவ் ரொம்பின் காட்டில்தான் மழைக்காப்பு சோதனைக்கு வருகிறது. 2022இல் வந்த ஓஎம்-1 கேமராவின் தூசி, நீர்க் காப்புத் தரம் ஐபி53. இதில் 5 என்பது தூசிக்கு. 3 என்பது மேலிருந்தும் 60 பாகை வரை சாய்வாகவும் விழும் தூறலுக்கு. ஆற்றில் நழுவினால் அந்தக் காப்பு உதவாது. பல கேமராக்களுக்கு இத்தகைய எண்ணே கிடையாது; விளிம்புகளில் ரப்பர் வளையம் இருப்பதாக மட்டும் சொல்வார்கள். லென்ஸிலும் அந்த வளையம் இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவானாலும் மழையில் பயனில்லை. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு அசைவிலும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஆகவே, காப்புள்ள கேமராவுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை வேண்டும்.

ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயிலும், மெர்சிங்கிலிருந்து தீவுகளுக்குப் போகும் படகிலும் தொல்லை உப்பு. தெறித்த கடல்நீர் காய்ந்தாலும் உப்பு தங்கி, ஈரத்தை மறுபடி இழுத்து, உலோகத்தை அரிக்கும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்று மாலையே துடைத்துவிட வேண்டும். 15 மீட்டர் ஆழம் தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 போன்றவற்றை, மூடிகள் இறுகியிருப்பதைப் பார்த்துவிட்டு, நன்னீரிலேயே அலசலாம். சாதாரண கேமரா கடலில் விழுந்தால் உடனே பேட்டரியைக் கழற்ற வேண்டும். வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்க்கவே கூடாது.

பயணம் முடிந்த பிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. ஈரப் பையோடு அலமாரியில் வைத்த லென்ஸில் சில வாரங்களில் சிலந்திவலை போலப் பூஞ்சை படரும். நாளானால் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் உலர்பெட்டி இங்கே ஆடம்பரம் அல்ல. அது இல்லாதவர்கள், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளோடு லென்ஸை வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். சூடுபடுத்தி உலர்த்தினால் மறுபடி நீலமாகும்.