சேத்து வாடை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் தூண்டில் போடுறவங்ககிட்ட எந்த மீன் வாயில வைக்க முடியாதுன்னு கேட்டால், நான் கேட்டவரை ஜிலேபிக்குத்தான் முதல் திட்டு. "சேத்து வாடைங்க, மனுசன் திம்பானா?"

ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. வாடை அதனுடையதல்ல. தண்ணீரிலுள்ள நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின், செவுள் வழியாக மீனின் கொழுப்பில் சேர்கிறது. முதல் மழையின் மண்வாசனையும் இதேதான். நல்ல தண்ணீரில் சில நாள் விட்டால் குறையும். புளிப்பும் அதை உடைக்கும். அம்மா ஏரி மீனுக்குப் புளியைத் தூக்கலாகக் கரைத்தது சும்மா இல்லை.

ஏரி வற்றிப் பாசி படிந்தால் விராலிலும் அந்த வாடை ஏறும். ஆனால் விராலை யாரும் திட்டுவதில்லை. அது விலை கூடின மீன். ஜிலேபி, எங்களைப் போன்றவர்கள் வீட்டுச் சட்டியில் கொதித்த மீன்.