விலாசம் மாறிய தோழியர்



பழைய மாணவர் சந்திப்பு என்பது இப்பொழுது ஊருக்கு ஊர் நடைபெறும் ஒரு விழாவாகிவிட்டது. திருமண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார்கள்; முதுமையடைந்த ஆசிரியர்களை அழைத்து வந்து பொன்னாடை போர்த்துகிறார்கள்; பிரியாணி உண்டு, படம் எடுத்துக்கொண்டு கலைகிறார்கள். நல்ல காரியந்தான், நான் குறை கூறவில்லை. உங்கள் பள்ளியிலும் நடந்திருக்கக்கூடும். நடந்திருப்பின் ஒரேயொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பெண்கள் படித்தார்கள்? அவர்களுள் எத்தனை பேர் அந்த மண்டபத்துக்கு வந்திருந்தார்கள்?

எங்கள் ஊர் ஒடுகத்தூர். வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக வரும் சாலை ஜவ்வாது மலையை நெருங்கும் இடத்தில் இருக்கிறது. உத்திரகாவிரி ஆறு எங்கள் பக்கம்தான் ஓடுகிறது; ஓடுகிறது என்பதைவிட மழைக்காலத்தில் மட்டும் ஓடும் என்பதே பொருத்தம். நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய 1987ஆம் ஆண்டில் எங்கள் ஊர் ஒன்றுபட்ட வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வகுப்பில் 41 பேர். ஆண்கள் 28, பெண்கள் 13. முப்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், வகுப்புத் தோழர்கள் சிலர் முயன்று வாட்ஸ்அப் குழு ஒன்றை அமைத்தார்கள். ஒரே மாதத்தில் 24 ஆண்கள் கிடைத்துவிட்டனர். துபாயிலும் ரியாதிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள்கூட அகப்பட்டார்கள். பெண்கள் நாங்கள் மூவர் மட்டுமே. அம்மூவரும் உள்ளூரிலேயே குடியிருந்தவர்கள்.

இதில் எவருடைய அலட்சியமும் இல்லை. ஆண்மகன் கடல் கடந்து சென்றாலும் அவன் தந்தையின் கடை, தமையனின் நிலம் என்று விசாரிப்பதற்கு ஓர் இடம் இருக்கும். பெண்ணுக்கோ திருமணத்தின் மறுநாளே ஊர், தெரு, பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்து எல்லாம் மாறிவிடுகின்றன. பெற்றோர் காலமாகி அவ்வீடும் கைமாறிவிட்டால், "அந்தப் பெண்ணை எங்கே கட்டிக் கொடுத்தார்கள்?" என்ற கேள்விக்கு மறுமொழி சொல்ல ஆளில்லை. எஞ்சிய பத்துப் பேரையும் தேடுவது என்று நான் முடிவு செய்தேன். அவர்களுடைய பெயர்களை இங்கே எழுதவில்லை. மருமக்கள் எடுத்துவிட்ட பெண்மணிகளின் பெயரை அவர்களைக் கேளாமல் அச்சில் ஏற்றுவது முறையன்று.

அந்தப் பதின்மூன்று பேரும் சேர்ந்து சென்ற இடம் ஒன்றே ஒன்று உண்டு. 1986 ஜனவரி 6ஆம் நாள், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அவ்வாண்டு காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்களை அங்கே அழைத்துச் செல்வதாகப் பள்ளியில் அறிவித்தார்கள். வயது வந்த பெண்பிள்ளைகளை மலைக்கு அனுப்புவதா என்று என் நன்னி தடை சொன்னார். அத்தா அதிகம் பேசாதவர். "பகல்ல போய்ப் பகல்லயே வரப்போறாங்க, போயிட்டு வரட்டும்மா" என்றார். என்னை அனுப்பிய பிறகு தெருவில் இன்னும் நான்கு வீட்டார் தம் மக்களை அனுப்பினார்கள்.

1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது கண்டறியப்பட்டதில் இம்மலையிலுள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்குண்டு என்று அங்கிருந்தவர் விளக்கினார். நாங்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அந்த வெண்ணிறக் கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வகுப்பில் மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி இருந்தாள்; விடுதியில் தங்கிப் படித்தவள். அவள் மட்டும் சிரித்தாள். "எங்க மலையில வானத்தைப் பார்க்க நீங்கள்லாம் பஸ் ஏறி வர்றீங்களே" என்றாள். அதுவரை வகுப்பில் அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதின்மூன்று நான்காகிவிட்டது. மதிப்பெண் குறைந்து நின்றவர்கள் இருவர்தாம். மற்றவர்கள் நின்றதற்குக் காரணம் வயது. 1989இல் அரசு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தைக் கொண்டு வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தவிருந்த எத்தனையோ பிள்ளைகளை மேலும் மூன்றாண்டுகள் பள்ளியில் இருத்தி வைத்த நல்ல திட்டம் அது. ஆயினும் எங்கள் பக்கத்தில், "எட்டுப் படித்தால் போதுமென்று அரசாங்கமே சொல்கிறதே" என்று அதற்கு வேறு பொருள் கொண்டவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் பத்தாம் வகுப்புக்கும் பட்டப்படிப்புக்கும் உதவி விரிந்தது. 2022இல் திருமண உதவி என்பதே மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி செல்ல மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாயிற்று. கொடுக்கும் பணம் கல்யாணப் பந்தலிலிருந்து கல்லூரி வாசலுக்கு வர முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

நான் பட்டம் பெற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். 1989இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். நாள்தோறும் பேருந்தில் வேலூர்க் கல்லூரிக்குச் சென்று வர வீட்டில் இசைவு கிடைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிக் கல்வியில் வரலாறு எடுத்தேன். பழுப்புக் காகிதம் சுற்றிய பாடக்கட்டுகளைத் தபால்காரர் கொண்டு வரும்போதெல்லாம் அண்டை வீட்டார் வேடிக்கை பார்ப்பார்கள். "தபாலில் பட்டமா வரும்?" என்று கேட்டவரும் உண்டு. மூன்றாண்டுகளும் தேர்வுக்காக அத்தா என்னை வேலூருக்கு அழைத்துச் சென்றார். மூன்று மணி நேரமும் வெளியே புளியமரத்தடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வந்ததும், வினாத்தாள் எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்பார். 1992இல் பட்டம் மெய்யாகவே தபாலில்தான் வந்தது. அடுத்த ஆண்டு குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன்.

பட்டத்தைக் கொண்டு நான் உத்தியோகம் பார்க்கவில்லை. அது பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. ஆனால் படிப்பு பெட்டியில் இருக்கவில்லை. குடும்ப அட்டை விண்ணப்பம், வங்கிப் படிவம், பிள்ளைகளின் உதவித்தொகை மனு என்று தெருப் பெண்கள் கொண்டு வருவதை எழுதிக் கொடுத்தேன். 2001இல் கணவர் ஒடுகத்தூரிலேயே கடை வைக்க, பிறந்த ஊருக்கே திரும்பி வந்தேன். இங்கே மகளிர் சுய உதவிக் குழுவில் என்னை ஊக்குநராக்கினார்கள். தீர்மானப் புத்தகம் எழுதுவதும், வாரச் சேமிப்பைக் கணக்கில் ஏற்றுவதும், கடன் தவணைக்கு வங்கிக்குச் செல்வதும் என் வேலை. வரலாறு படித்தவளுக்கு இருபது பெண்களின் வரவு செலவே வரலாறாயிற்று. இதைக் குறையாகச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இனித் தேடிய கதை. கைப்பேசி இதற்கு உதவவில்லை. பெருநாளைக்குத் தாய்வீடு வரும் பெண்கள், பொங்கல் சீர் கொண்டுபோகும் அண்ணன்மார், மூன்று தலைமுறைக்கு ரவிக்கை தைத்த தையற்காரர் ஆகியோர்தாம் வழிகாட்டினார்கள். ஒருத்தி பேரணாம்பட்டில் கிடைத்தாள். ஒருத்தி மாதனூர்ச் சாலையிலுள்ள சிற்றூரில் இருந்தாள்; ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்பர் தைக்கும் பிரிவில் வேலை. விடியற்காலை கம்பெனிப் பேருந்து ஏறினால் இருட்டியபின் வீடு. அந்தச் சம்பளத்தில் இரு மக்களைப் பொறியியல் படிக்க வைத்திருக்கிறாள். "பத்தாவது சர்டிபிகேட்டைக் காட்டித்தான் சேர்ந்தேன். அதுக்கு மேல என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

இன்னொருத்தியின் வீட்டைத் தேடிப் போனபோது கதவைத் திறந்தவளைக் கண்டு நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அதே முகம். ஆனால் அவள் மகள். தாய் 1993இல் இரண்டாம் பிரசவத்தில் இறந்துவிட்டாளாம். அப்போது இவளுக்கு இரண்டு வயது. கால் நூற்றாண்டாக எங்கள் எவருக்கும் அச்செய்தி வரவில்லை. நான் தாயின் வகுப்புத்தோழி என்று அறிந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "எங்கம்மா நல்லாப் படிப்பாங்களா?"

அவளிடம் தாயின் திருமணப் படம் ஒன்று இருந்தது. தாய் எப்படிச் சமைப்பாள், எப்படிச் சிரிப்பாள் என்று சொல்ல உறவினர் இருந்தார்கள். படித்த பெண்ணாக அவளை அறிந்தவர் அந்த வீட்டில் ஒருவருமில்லை. நான் சொன்னேன். கணக்கில் வகுப்பிலேயே முதல்வள். பெருக்கல் விடையை ஆசிரியர் எழுதி முடிக்குமுன் வாயசைத்துவிடுவாள். காவலூரிலிருந்து திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலோரத்துக்காக என்னோடு சண்டை பிடித்தாள். குழுப்படத்தின் நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சட்டமிட்டு மாட்டியிருக்கிறாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். நான் பெற்ற பட்டத்தினால் இப்படியொரு பயன் எவருக்கும் விளைந்ததில்லை.

மலைத்தோழியைச் சந்தையில் பிடித்தேன். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை பெயர் பெற்றது. மலையிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூன்று வாரம் விசாரித்து, நான்காம் வாரம் ஆள் வந்து நின்றாள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டு அங்கன்வாடிப் பணியாளராகித் தன் மலையிலேயே இருக்கிறாள். சாலை கேட்டு எழுதும் மனுவெல்லாம் அவள் கையெழுத்துத்தான். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலையில்லாத தூரத்துக்குத் தாயே கையில் சுமந்து நடந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அன்று தொலைபேசியில் அவள் பேசவில்லை, அழுதாள்.

2024 பிப்ரவரியில் அவளே அழைத்தாள். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் 23 வயதுப் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றிருக்கிறாள் என்று சொல்லத்தான் அழைத்தாள். பிள்ளை பெற்ற இரண்டொரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதிய பெண். "எங்க மலை" என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு, சிக்னல் கிடைக்கும் பாறையில் வெயில் ஏறிவிட்டதென்று வைத்துவிட்டாள்.

ஒன்பது பேரைப் பற்றி அறிந்துவிட்டேன். ஒருத்தி எஞ்சியிருக்கிறாள். அவள் தந்தை வனத்துறையில் பணியாற்றி, 1987 கோடையில் மாற்றலாகிச் சென்றார். ஊரில் அவர்களுக்கு உறவில்லை, விசாரிக்கக் கதவில்லை. சகோதரியே, புவியியல் ஏட்டில் ஜவ்வாது மலை வரைந்து, பச்சை மையைப் பாலாற்றின் மேல் கொட்டியவள் நீயாக இருந்தால், இப்பத்திரிகை முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடு. மூன்றாம் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று மட்டும் எழுது. நான் தெரிந்துகொள்வேன்.