சொந்தப் புத்தகங்களுக்கு அனுமதியில்லை

எங்கள் வீட்டில் நாளிதழ் வருவது 2020 மார்ச்சில் நின்றது. ஊரடங்கு நாட்களில், தாளில் ஒட்டிக்கொண்டு கிருமி வருமென்று யாரோ சொன்னார்கள், பயந்து நிறுத்தினோம். பயம் போய்விட்டது, நாளிதழ் திரும்பவில்லை. செய்திகளென்னவோ கைபேசியில் வந்து கொட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கைபேசியில் படித்த செய்தியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியவில்லை. எங்களில் ஒருவருக்கு அது காட்டும் உலகமும் மற்றவருக்குக் காட்டும் உலகமும் வேறுவேறாக இருந்தன. முப்பது ஆண்டுகள் ஒரே நாளிதழின் இரண்டு பாதிகளைப் பங்கிட்டுக்கொண்டு, பிறகு மாற்றிக்கொண்டு வாழ்ந்த தம்பதிக்கு இது சிறிய இழப்பன்று.

ஆகவே பணி ஓய்வுக்குப் பிறகு, காலை உணவை முடித்துக்கொண்டு எங்கள் பேட்டையின் கிளை நூலகத்துக்கு நடக்கத் தொடங்கினோம். சென்னையில் இப்படிப்பட்ட நூலகங்கள் தெருப்பெயர் தெரியாதவர்களுக்குக்கூட எளிதில் அகப்படும். வாசலில் வரிசையாகச் சைக்கிள்கள், மஞ்சள் சுவர், எதிரே ஒரு டீக்கடை. வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த ஒருநாள் மட்டும் எங்களுக்குப் பொழுது விடிந்ததா இல்லையா என்று தெரியாது.

நாளிதழ் மேசைக்கென்று எழுதப்படாத சட்டங்கள் உண்டு என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டோம். எட்டு மணிக்கு வருகிற பெரியவர்கள் ஐந்தாறு பேர். ஒரு நாளிதழை முழுதாக ஒருவரே வைத்துக்கொள்வது பெருங்குற்றம். முதலில் தாள்கள் பிரிக்கப்படும். விளையாட்டுப் பக்கம் ஒரு கைக்கு, நடுப்பக்கம் ஒரு கைக்கு, மாவட்டச் செய்தி ஒரு கைக்கு. படித்து முடித்தவர் தொண்டையைச் செருமினால், தாள் இடம் மாறலாம் என்று பொருள். எங்கள் மேசையில் ‘தினத்தந்தி’யைப் படிக்காதவரும் இல்லை, அதைப் படிப்பதாக ஒப்புக்கொள்கிறவரும் இல்லை. ‘தினமணி’யின் கீழே அதை வைத்துப் படிப்பார்கள்.

பத்தரை மணிக்கு எதிர்க்கடையில் டீயும் மசால்வடையும். முன்பெல்லாம் வடை செய்தித்தாள் துண்டில் வரும். தின்று முடித்த பிறகு, எண்ணெயில் கண்ணாடிபோல் ஆகிவிட்ட ஏதோவொரு பழைய செய்தியைத் தலையும் வாலுமில்லாமல் படிப்போம். தொடர்கதையின் நடு அத்தியாயத்தில் பாதி, மணமகன் தேவை விளம்பரத்தில் கால்வாசி. உணவைச் செய்தித்தாளில் பொதியக்கூடாதென்று 2018ஆம் ஆண்டின் விதிகள் சொல்லிவிட்டன. அச்சு மையில் உடம்புக்கு ஆகாதவை இருக்கின்றன என்பது காரணம். நியாயமானதுதான். கடைக்காரர் இப்போது வாழையிலைத் துண்டில் தருகிறார். வடை சுத்தமாகிவிட்டது, படிக்கத்தான் ஒன்றுமில்லை.

நிற்க. சொல்ல வந்தது வடையைப் பற்றியன்று.

*

அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறோம். அதற்குள் நூலக வரி என்று ஒன்று ஒளிந்திருப்பதை நீண்ட நாட்களாக நாங்கள் கவனித்ததில்லை. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. இதன் வேர் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார். பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். வீடு வைத்திருப்பவர் கொடுக்கிற காசில், வீடு இல்லாதவரும் வந்து உட்கார்ந்து படிக்கலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம் என்று இப்போது எங்களுக்குப் புரிகிறது.

அப்போது புரிந்தது வேறு. ‘இது நம் காசில் நடக்கிற நூலகம்’ என்பது மட்டுமே புரிந்தது.

அந்த ஆண்டு கோடையில் நூலகத்தில் கூட்டம் பெருகியிருந்தது. எல்லாம் இளம்பிள்ளைகள். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். ஏழே முக்காலுக்கே வாசலில் நிற்பார்கள். கதவு திறந்ததும் பைகள் நாற்காலிகளில் அமரும், பிறகு பிள்ளைகள் அமர்வார்கள். மாலைவரை எழுந்திருக்க மாட்டார்கள். நூலகத்தின் புத்தகம் ஒன்றையும் தொடுவதில்லை. எல்லாம் சொந்தப் புத்தகங்கள், நகலெடுத்த தாள்கள், நான்கு நிறப் பேனாக்கள். நாளிதழ் மேசையின் பாதியும் அவர்கள் வசமாயிற்று. எங்கள் செருமலை அவர்கள் செருமலாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் எண்பது வயதைத் தாண்டிய நண்பர் ஒருவர் முக்கால் மணி நேரம் அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டே நடுப்பக்கத்தைப் படித்தார்.

அன்றுதான் நாங்கள் கருத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம்.

வீட்டில் இரண்டு முறை வரைவு எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, வினையெச்சங்களைக் குறைத்து, மிகுந்த அக்கறையோடு அந்த மனு உருவாயிற்று. நூலகத்தின் நூல்களையும் இதழ்களையும் வாசிக்க வருகிற உறுப்பினர்களுக்கு இருக்கை கிடைப்பதில்லை. சொந்தப் பாடநூல்களோடு நாள் முழுவதும் அமர்ந்திருப்போரை முறைப்படுத்த வேண்டும். நூலகம் என்பது தேர்வுக்கூடம் அன்று. இந்தக் கடைசி வாக்கியம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. மேசை நண்பர்கள் நால்வரும் கையெழுத்திட்டார்கள்.

இலக்கியம் என்ற பெயரில் நாங்களும் சில கதைகள், சில மதிப்புரைகள், ஒரு மொழிபெயர்ப்பு என்று நாற்பதாண்டுகளாக எழுதியிருக்கிறோம். அவற்றால் உலகில் ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை. இந்த மனு மட்டும் பலித்தது. மூன்றாவது வாரம் வாசலில் தட்டச்சுத் தாள் ஒன்று ஒட்டப்பட்டது: ‘வாசிப்பு அறையில் சொந்தப் புத்தகங்களுக்கு அனுமதியில்லை.’

*

முதல் மூன்று நாள் சுகமாக இருந்தது. இருபத்துநான்கு நாற்காலிகளில் ஏழில் ஆள். மின்விசிறியின் ஒலி கேட்டது. எதிரே ஆளில்லாத மேசையில் தாளை அகல விரித்து, கைகளையும் விரித்துக்கொண்டு படித்தோம். நான்காம் நாள் நூலகர் வருகைப் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். போன மாதம் நாளுக்கு எழுபது, எண்பது கையெழுத்து. இப்போது இருபது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. காட்டிவிட்டு மூடிக்கொண்டார்.

அன்று டீக்கடைக்கு இறங்கும்போதுதான் மாடிப்படியைக் கவனித்தோம். பக்கவாட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற படி. படிக்கு ஒருவராக ஐந்தாறு பிள்ளைகள் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற ஒரு படி மேலே நகர்ந்துகொள்வார்கள் போலும். கடைசிப் படியில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி மடியில் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை வைத்திருந்தாள்.

எங்களில் ஒருவர் ஆசிரியப் பணியில் இருந்தவர். சும்மா போக முடியவில்லை. “ஏழாங்கிளாஸ் புக்கை ஏம்மா படிக்கிற?” என்று கேட்டுவிட்டார்.

“குரூப் ஃபோரும்மா. ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் ஸ்கூல் புக்குதான் முக்கியம். எரநூறு கேள்வில நூறு தமிழ்தான்.” பிறகு எங்கள் கையிலிருந்த இலக்கிய இதழைப் பார்த்தாள். “நீங்க தமிழ்ல நல்லா படிச்சவங்களா? ஒண்ணு கேக்கவா? குறுந்தொகையத் தொகுத்தவர் பூரிக்கோ. நற்றிணையத் தொகுத்தவர் யாரு?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவர் பாண்டியன் என்றார், மற்றவர் ஏதோ முனகினார்.

“தொகுத்தவர் பேர் தெரியாதும்மா. தொகுப்பிச்சவர்தான் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. எல்லாரும் இதுலதான் ஏமாறுவாங்க” என்று சிரித்தாள்.

நற்றிணையைப் பற்றி மேடையில் அரைமணி நேரம் பேசியிருக்கிற எங்களுக்கு அது தேவைதான்.

உள்ளே போய்ப் படிக்கலாமே என்று, தெரியாததுபோல், கேட்டோம். அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. “யாரோ பெரியவங்க எழுதிக் குடுத்துட்டாங்களாம்மா. அவங்களும் பாவம், எத்தன நேரம் நிப்பாங்க. நாங்களும் எழுந்து எடம் குடுத்திருக்கணும். படிக்கிற மும்முரத்துல யாரு நிக்கிறாங்கன்னே தெரியல.” வீட்டில் ஒரே அறை, தம்பி, பாட்டி, காலைமுதல் தொலைக்காட்சி. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லை. நடப்புச் செய்திக்காக நாளிதழ் படித்தாக வேண்டும். ஆனால் பதினொரு மணிவரை அது பெரியவர்கள் கையிலேயே இருக்கும், பிறகு பார்த்தால் தாள் தாளாகக் கிடக்கும், எந்தப் பத்திரிகையின் எந்தப் பக்கமென்று தெரியாது. இதையும் குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

மதியமாகிவிட்டிருந்தது. டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோற்றை எங்கள் பக்கம் நீட்டினாள். வேர்க்கடலை கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. ஒரு வாய் எடுத்துக்கொண்டோம். மறுத்திருக்க வேண்டும், அல்லது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை.

*

ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலகர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமிப்பாய், நூலகம் வளரும் உயிரி. அன்றிரவு இவற்றை ஒவ்வொன்றாக எங்கள் மனுவோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஓரிடத்திலும் எங்கள் பக்கம் நியாயம் தென்படவில்லை. ‘அவருக்கான நூல்’ அலமாரியில்தான் இருக்க வேண்டும், பையில் இருக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்க அங்கே தனிப்பகுதியே உண்டு. நூற்றுக்கணக்கானோர் அமர்கிறார்கள். ஆனால் கோட்டூர்புரத்துக்குப் போய்வரப் பேருந்துச் செலவும் நேரமும் வேண்டும். நடந்து வருகிறவர்களுக்குக் கிளை நூலகம்தான்.

இன்னொன்றும் தோன்றியது. வளர்கிற உயிரி என்றால் அதன் வளர்ச்சி நமக்குப் பிடித்த பக்கமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. எங்கள் தலைமுறை கதைப்புத்தகத்துக்காக நூலகம் போயிற்று. அப்போதும் யாராவது ஒரு பெரியவர், ‘நாவல் படிக்கவா அரசாங்கம் நூலகம் நடத்துகிறது’ என்று அலுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

மறுநாள் பதிவேட்டை மறுபடி வாங்கினோம். இம்முறை வரைவு எழுதவில்லை. எங்கள் முந்தைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று எழுதி, காரணம் எழுத வேண்டிய இடத்தில் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘தவறு எங்களுடையது’ என்று முடித்தோம். மொழியழகு ஒன்றும் இல்லை. நண்பர்களில் இருவர் கையெழுத்திட்டார்கள், இருவர் மறுத்தார்கள். எண்பதைக் கடந்தவர் மறுத்தவர்களில் ஒருவர். அவருடைய முழங்காலை நினைத்தால் அதுவும் சரிதான்.

நூலகர் படித்துவிட்டுச் சிரித்தார். “போட்ட அறிவிப்ப நானா எடுக்க முடியாது சார். மேல எழுதி அனுப்புறேன். அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் பார்க்கல, அவ்வளவுதான்.”

அவர் பார்க்காத அந்த வாரத்தில் பிள்ளைகள் ஒருவர் ஒருவராக உள்ளே வந்தார்கள். நாளிதழ் மேசையின் நான்கு நாற்காலிகள் பெரியவர்களுக்கு என்று ஆயிற்று; யாரும் எழுதி ஒட்டவில்லை. பைகள் தரைக்குப் போயின. நாங்கள் படித்து முடித்த தாள்களைப் பக்க வரிசைப்படி அடுக்கி, நடுப்பக்கத்தை மட்டும் முதலில், ஒன்பது மணிக்கே, அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுகிற வழக்கம் வந்தது. அதற்கு ஈடாக அவள் எங்களிடம் அன்றன்று ஒரு வினா கேட்பாள். பெரும்பாலும் தோற்றோம்.

தேர்வு முடிந்ததும் அவள் வரவில்லை. வென்றாளா, வேறு வேலைக்குப் போய்விட்டாளா என்பது தெரியாது. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் இப்போது ஒரு பையன் அமர்கிறான். நடுப்பக்கம் ஒன்பது மணிக்கு அவனுக்குப் போகிறது. ‘ரொம்ப தேங்க்ஸ் சார்’ என்கிறான். யாருக்கு எதற்கு நன்றி சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

வாசலில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. வெயிலில் எழுத்து பாதி வெளிறிவிட்டது. இரண்டாம் மனுவுக்கு மேலிடத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை.