அம்மா வேலையை விட்டா காம்பரா யாருக்கு?

கொழும்பில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் "ஹட்டன்" என்று சொல்லிவிடுவேன். அது சுருக்கமான பதில். டவுனிலிருந்து பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, மேலே நடந்தால் தோட்டம், தோட்டத்துக்குள் டிவிசன், டிவிசனுக்குள் லயம், லயத்தில் ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அதுக்குன்னு தனி முகவரி கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்துப் பேருக்குத்தான் வரும். இன்டர்வியூ முடிஞ்ச பிறகு இன்டர்வியூ கடிதம் கிடைச்ச கதை எங்க லயத்துலேயே ரெண்டு இருக்கு.

விடியக்காலைப் பெரட்டுக்கு ஆள் தயாரா இருக்கணும்னு கட்டினதுதான் லயம். வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடே இல்லாதவருக்கு ஏது காணி? 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. இவ்வளவு கைமாறியும் காம்பரா அதில் குடியிருப்பவர் பேருக்கு வரவே இல்லை.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அதன் பிறகு தனி வீட்டுப் பேச்சு சூடுபிடித்தது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே ஒத்துக்கொண்ட 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 என்று அறிவித்தார். வீடு கிடைத்த குடும்பங்களின் வாழ்க்கை மாறியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. பக்கத்துக் காம்பராச் சண்டை காதில் விழாது. படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை போடலாம்.

ஆனா வீடு கட்டுற வேகத்தைவிட வேகமா தோட்டம் மாறிடுச்சு. இன்று தோட்டத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் அங்கே பேர் பதிந்து வேலை செய்பவர்கள் இல்லை. எங்கள் லயத்தையே பாருங்கள்: அம்மா கொழுந்து எடுப்பார், மகன் கொழும்பில் கடையில் நிற்பான், மகள் மத்திய கிழக்கில் இருப்பாள், பேரப்பிள்ளைகள் அம்மாச்சியோடு. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகையில் 4.1 சதவீதமாக இருந்த மலையகத் தமிழர், 2024இல் 2.8 சதவீதம். எத்தனை பேர் வெளிநாடு போனார்கள், எத்தனை பேர் தங்களை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்தார்கள் என்று இந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. என் பார்வையில் ரெண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு: சொந்தம்னு சொல்ல ஒரு துண்டுக் காணி இல்லாத இடத்தோட பேரை எவ்வளவு நாளைக்குத்தான் சுமக்கிறது?

அந்த அம்மா வேலையை விட்டால் காம்பரா யாருக்கு? கொழும்பு மகனுக்கு அங்கே இருப்பது போர்டிங்கில் ஒரு கட்டில். தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் அவன் வருவது இந்தக் காம்பராவுக்குத்தான். "தோட்டத்துல வேலை செய்றவங்களுக்குத்தானே வீடு, இல்லாட்டி கொழுந்து எடுக்க யாரு வருவா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூரையைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது பழைய துரைமார் கணக்கு. கட்டுப்படியாகும் சம்பளம் கொடுத்தால் ஆள் தானாக வரும். வீடு என்பது நாலு தலைமுறை அந்த மண்ணில் கிடந்ததற்கான உரிமை. யார் இன்றைக்குக் கூடை சுமக்கிறார் என்பதைப் பார்த்துக் கொடுப்பதாக அது இருக்கக் கூடாது.

2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுப் போடக்கூட பிரதேச சபைக்குச் சட்டம் குறுக்கே நின்றது. இப்போது அந்தத் தடை இல்லை. அதனால ரோட்டுக்குப் பேர், வீட்டுக்கு நம்பர் கேட்கலாம், கேட்கணும். அடுத்த முறை வீடு திறக்க அமைச்சர் யாராவது வந்தால், எத்தனை வீடு என்பதோடு நிறுத்தாதீர்கள். காணி உறுதி எத்தனை பேர் கையில் இருக்கு, அதுல பொம்பளைங்க பேர் இருக்கா, தோட்டத்துல பேர் பதியாத பிள்ளைக்கும் அது போகுமா என்றும் கேளுங்கள்.